கிறிஸ்துமஸ்: பாட்டு, பயணம், கொஞ்சம் கணக்கு

(நம் நலச்சங்கத்தின் நவம்பர் 23 பொதுக்கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



டிசம்பர் மாதத்தைப் பற்றிப் பத்து நிமிடம் பேசச் சொன்னார் செயலாளர். அஜெண்டாவில் இரண்டு விஷயங்கள் இருக்கின்றன. ஒன்று, நம் தெருக்களில் நடக்கும் கிறிஸ்துமஸ் கீத பவனி. இன்னொன்று, விடுமுறையில் வெளியூர் போகிறவர்களும் வெளியூரிலிருந்து வருகிறவர்களும் செய்ய வேண்டிய ஏற்பாடு. இரண்டும் தனித்தனி போலத் தெரிந்தாலும் ஒன்றோடொன்று சம்பந்தப்பட்டவை. யார் வீட்டில் இருப்பார்கள் என்று தெரிந்தால்தானே யார் வீட்டு வாசலில் பாடுவது என்று தெரியும்?

போன வருடம் கீத பவனி பற்றிச் சங்கத்துக்கு இரண்டு புகார்கள் வந்தன. சரக்கு ஆட்டோவில் வைத்த பெரிய ஸ்பீக்கர் சத்தத்தில் கைக்குழந்தை தூங்கவில்லை என்பது ஒன்று. முன் தெருக்களிலேயே நேரம் போய்விட்டதால் கடைசித் தெருவுக்குப் பாடகர்கள் வரவே இல்லை என்பது இன்னொன்று. ஒருவருக்குப் பாட்டு அதிகம், இன்னொருவருக்குப் பாட்டே இல்லை. "பிரச்சினை எதற்கு, இந்த வருடம் நிறுத்திவிடலாமே" என்று நம் வாட்ஸ்அப் குழுவில் சிலர் எழுதியிருந்தார்கள். நிறுத்துவது சுலபம். ஆனால் எதை நிறுத்துகிறோம் என்று தெரிந்துகொண்டு முடிவு செய்யலாம் என்பதுதான் என் வேண்டுகோள்.

நம் ஊரைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பங்குனியில் நம்பெருமாள் ஸ்ரீரங்கத்திலிருந்து ஜீயபுரத்துக்கு எழுந்தருளுகிறார். பேரனுக்காகக் காத்திருந்த ஒரு பாட்டியின் கையால் பெருமாளே பேரன் வடிவில் வந்து பழையதும் மாவடுவும் சாப்பிட்டார் என்பது அதற்குப் பின்னால் இருக்கும் கதை. வருகிறவரை வாசலில் நின்று வரவேற்பது இந்த ஊருக்குப் பழக்கப்பட்ட விஷயம்.

மார்கழியும் கிறிஸ்துமஸும் எப்போதும் சேர்ந்தே வரும். இந்த வருடம் டிசம்பர் 16 மார்கழி 1. அப்படியானால் கிறிஸ்துமஸ் மார்கழி 10. விடியற்காலையில் திருப்பாவை பாடிக்கொண்டு ஒரு குழு போகும். இரவில் நட்சத்திர விளக்கைப் பிடித்துக்கொண்டு இன்னொரு குழு வரும். கிராமத்துக் கிறிஸ்தவர்கள் பல ஊர்களில் இதையும் பஜனை என்றுதான் சொல்வார்கள். வீடு வீடாகப் போய் வாசலில் நின்று பாடுவது இந்த மண்ணில் யாருக்கும் புதிதில்லை.

"அது வெள்ளைக்காரன் பாட்டுதானே?" என்று ஒரு நண்பர் கேட்டார். பாதி சரி. மீதிப் பாதிக்கு நம் திருச்சி வரலாற்றைக் கொஞ்சம் பார்க்க வேண்டும்.

புத்தூர் வழியாக வயலூர் ரோட்டில் போகும்போது பிஷப் ஹீபர் கல்லூரியைப் பார்த்திருப்பீர்கள். ஹீபர் பள்ளிகளில் படித்தவர்கள் இந்தக் கூட்டத்திலேயே இருப்பீர்கள். அந்த ஹீபர் யார்? ரெஜினால்ட் ஹீபர். 1783இல் இங்கிலாந்தில் பிறந்தவர். ஹாட்நெட் என்ற கிராமத்தில் பாதிரியாராக இருந்தபோது, தன் சபை மக்கள் பாடுவதற்காகப் பாட்டு எழுதியவர். விடிவெள்ளியைப் போற்றி அவர் எழுதிய ஒரு பாட்டு 1811இல் அச்சானது. ஞானிகள் நட்சத்திரத்தைப் பார்த்து வந்த திருநாளுக்காக எழுதியது. இன்றும் உலகம் முழுவதும் கிறிஸ்துமஸ் காலத்தில் அதைப் பாடுகிறார்கள். தூயர் என்று மூன்று முறை போற்றித் தொடங்கும் புகழ்பெற்ற பாட்டும் அவர் எழுதியதுதான்.

1823இல் கல்கத்தா பிஷப்பாக இந்தியா வந்தார். 1826 ஈஸ்டருக்குத் தஞ்சாவூரில் இருந்தார், சரபோஜி மன்னரைச் சந்தித்தார். அங்கிருந்து திருச்சிக்கு வந்தார். ஏப்ரல் 3ஆம் தேதி காலை கோட்டைப் பகுதி ஆலயத்தில் தமிழ்ச் சபையாருக்கு ஆராதனை நடத்திவிட்டுத் தங்கியிருந்த வீட்டுக்குத் திரும்பினார். வெயிலுக்குக் குளிக்கலாம் என்று அங்கிருந்த குளியல் தொட்டியில் இறங்கியவர் உயிரோடு வெளியே வரவில்லை. அப்போது அவருக்கு வயது 42. திருச்சி செயின்ட் ஜான் ஆலயத்தில் அவருடைய கல்லறை இருக்கிறது. உலகம் பாடும் ஒரு பாட்டின் ஆசிரியர் நம் வீட்டிலிருந்து ஒரு பஸ் தூரத்தில் அடங்கியிருக்கிறார். வரும் 2026 ஏப்ரல் 3ஆம் தேதியோடு 200 ஆண்டு நிறைகிறது. அன்று புனித வெள்ளியும்கூட.

அதே 1826இல் நம் பழைய திருச்சி மாவட்டத்தில் குளத்தூரில் ஒரு குழந்தை பிறந்தது. பிற்காலத்தில் மாயூரம் முன்சீப் வேதநாயகம் பிள்ளை என்று பெயர் பெற்றவர். பிரதாப முதலியார் சரித்திரம் எழுதியவர் என்று நமக்குத் தெரியும். சர்வ சமய சமரசக் கீர்த்தனைகள் என்று எல்லா மதத்தவரும் பாடும்படி கீர்த்தனைகள் எழுதியவரும் அவர்தான். அவர் கத்தோலிக்கர். அவர் பாட்டுகளைக் கர்நாடக இசைக் கச்சேரிகளில் இன்றும் கேட்கலாம்.

தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் என்று இன்னொருவர் உண்டு. இருவரையும் ஒருவர் என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். சாஸ்திரியார் 1774இல் பிறந்து 1864 வரை வாழ்ந்தவர். திருநெல்வேலிக்காரர். தஞ்சாவூரில் ஸ்வார்ட்ஸ் பாதிரியாரிடம் படித்தவர். அந்த ஸ்வார்ட்ஸ் 1762இல் திருச்சிக்கு வந்து, 1766இல் கோட்டைப் பகுதியில் கிறிஸ்து ஆலயத்தைக் கட்டியவர். குறவஞ்சி என்றால் குற்றாலம் நினைவுக்கு வரும். சாஸ்திரியார் அதே வடிவத்தில் பெத்லகேம் குறவஞ்சி எழுதினார். நம் ராகம், நம் தாளம், நம் குறத்தி, ஆனால் போகிற ஊர் பெத்லகேம்.

அதற்கு முன் தரங்கம்பாடிக்கு வந்த ஜெர்மானியர்கள் தங்கள் ஊர் மெட்டிலேயே தமிழ்ச் சொற்களைப் போட்டுப் பாடவைத்தார்கள். அந்த வகையை ஞானப்பாட்டு என்பார்கள். நம் ராகத்தில் அமைந்தவை கீர்த்தனைகள். இன்றைக்கும் தமிழ் ஆலயங்களில் இரண்டையும் கேட்கலாம். ஆர்கன் வாசித்து ஒன்று, மிருதங்கம் தட்டி இன்னொன்று. பாதி சரி என்று நண்பரிடம் நான் சொன்னதன் அர்த்தம் இதுதான். மீதிப் பாதி காவிரிக் கரையில் விளைந்தது.

வெளிநாட்டுப் பாட்டைப் பற்றியும் ஒரு வார்த்தை. அமைதியான இரவைப் பற்றிய அந்த ஆஸ்திரியப் பாட்டை முதன்முதலில் பாடியது 1818 டிசம்பர் 24 இரவு, ஓபர்ன்டோர்ஃப் என்ற சிற்றூர் ஆலயத்தில். எழுதியவர் உதவிப் பாதிரியார் ஜோசப் மோர். மெட்டுப் போட்டவர் பள்ளி ஆசிரியர் ஃபிரான்ஸ் குரூபர். பக்கவாத்தியம் ஒரே ஒரு கிட்டார். உலகிலேயே அதிகம் பாடப்படும் கிறிஸ்துமஸ் பாட்டுகளில் ஒன்று இரண்டு குரலோடும் ஒரு கிட்டாரோடும் தொடங்கியிருக்கிறது. நம் நான்கு தெருக்களுக்கு ஆளுயர ஸ்பீக்கர் எதற்கு?

கடைசித் தெரு விஷயத்துக்கு வருகிறேன். போன வருடம் அந்தச் சமயத்தில் நான் ஊரில் இல்லை. பொங்கலுக்குப் பிறகு கேள்விப்பட்டதைச் சொல்கிறேன். கடைசித் தெருவில் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர் ஒருவர் இருந்தார். நெற்றியில் திருமண் இல்லாமல் அவரை யாரும் பார்த்திருக்க முடியாது. வருடா வருடம் பாட்டுக்குழு வரும்போது தட்டில் வாழைப்பழமும் கல்கண்டும் வைத்துக் கொடுப்பார். பிள்ளைகள் இரண்டு பேரும் வெளிநாட்டில். போன வருடமும் தட்டை எடுத்து வைத்து, வாசல் விளக்கைப் போட்டுக்கொண்டு பதினோரு மணி வரை திண்ணையில் உட்கார்ந்திருந்தாராம். இந்த ஆடியில் அவர் காலமானார். போன மாதம் அவருடைய மனைவியை ரேஷன் கடையில் பார்த்தேன். "ஏன் சார், பாட்டுப் பாடறவா இந்த வருஷமாவது எங்க தெருவுக்கு வருவாளா?" என்று கேட்டார். "வருவாங்கம்மா" என்று சொல்லியிருக்கிறேன். உங்களைக் கேட்காமல் சொன்ன வார்த்தைதான். அதைக் காப்பாற்றிக் கொடுக்க வேண்டியது இந்தக் கூட்டம்.

நம் நான்கு தெருக்களிலும் ஒருவரோ இருவரோ மட்டும் இருக்கும் வீடுகள் எத்தனை என்று உங்கள் தெருவை மட்டும் எண்ணிப் பாருங்கள். பண்டிகை நாளில் மற்ற வீடுகளில் கார் வந்து நிற்கும்போது அந்த வீடுகள் இன்னும் அமைதியாகிவிடும். வாசலில் மூன்று நிமிடம் நின்று பாடுவதற்கு நமக்குச் செலவு ஒன்றும் இல்லை.

அதனால் கூட்டத்தின் முன் வைக்கும் யோசனைகள் இவை.

முதலாவது, டிசம்பர் 20, 21 என்று சனி, ஞாயிறு இரண்டு மாலைகள். ஒரு நாளைக்கு இரண்டு தெரு. ஆறரை மணிக்குத் தொடங்கி ஒன்பது மணிக்கு முடிப்பது. இந்த முறை கடைசித் தெருவிலிருந்து தொடங்கி முன்னால் வருவது.

இரண்டாவது, ஸ்பீக்கர் வேண்டாம். ஒரு கிட்டார், ஒரு டோலக், ஜால்ரா போதும். 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி இரவு 10 முதல் காலை 6 வரை திறந்தவெளியில் ஒலிபெருக்கி வைக்கக் கூடாது. குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், இரவில் 45 டெசிபல் என்பதுதான் அளவு. இது மார்கழிக்கும் ஆடிக்கும் கிறிஸ்துமஸுக்கும் பொது.

மூன்றாவது, வேண்டாம் என்கிற வீட்டுக்குப் போக வேண்டாம். தேர்வுக்குப் படிக்கும் பிள்ளை இருக்கலாம், உடம்பு முடியாதவர் இருக்கலாம். முன்கூட்டியே பெயர் கொடுத்துவிட்டால் அந்த வாசலில் அமைதியாகக் கடந்து போகலாம். இதில் யாரும் மனஸ்தாபப்பட வேண்டியதில்லை.

நான்காவது, இரண்டு தமிழ்க் கீர்த்தனை, ஒரு ஞானப்பாட்டு, குழந்தைகளுக்காக ஒரு துள்ளல் பாட்டு என்று நான்கு பாட்டுகளைத் தேர்ந்து எல்லோரும் ஒழுங்காகக் கற்றுக்கொள்வது. மணியோசைப் பாட்டு இல்லாமல் குழந்தைகள் விட மாட்டார்கள். 1857இல் அமெரிக்காவில் வெளியான அந்தப் பாட்டில் கிறிஸ்துமஸ் என்ற சொல்லே கிடையாது, பனிவண்டிச் சவாரியைப் பற்றியது. ஆகவே அதை எந்த வீட்டுப் பிள்ளையும் தயங்காமல் பாடலாம்.

ஐந்தாவது, யாராவது காணிக்கை கொடுத்தால் வேண்டாம் என்று சொல்ல வேண்டாம். ஆனால் நோட்டில் எழுதி ரசீது கொடுத்து, ஜனவரிக் கூட்டத்தில் கணக்கு வாசிக்க வேண்டும். வங்கியில் உட்கார்ந்து எழுந்தவன் இதைச் சொல்லாவிட்டால் நீங்களே சிரிப்பீர்கள்.

இனி பயணம். முதலில் காலண்டரைப் பாருங்கள். டிசம்பர் 25 வியாழன். வெள்ளி ஒரு நாள் லீவு போட்டால் நான்கு நாள் சேர்ந்து கிடைக்கும். டிசம்பர் 30 செவ்வாய் வைகுண்ட ஏகாதசி. ஜனவரி 1 வியாழன். அதாவது கிறிஸ்துமஸுக்கு வருகிறவர்கள், பரமபத வாசலுக்கு வருகிறவர்கள், பள்ளி விடுமுறைக்கு வருகிறவர்கள் எல்லோரும் ஒரே வாரத்தில் திருச்சியில் இருப்பார்கள். ஸ்ரீரங்கம் பக்கம் விடுதி அறை வேண்டும் என்றால் இன்றைக்கே பேசிவிடுங்கள். 29, 30 தேதிகளில் அந்தப் பக்கம் காரில் போகும் திட்டம் வேண்டாம்.

ரயில் முன்பதிவு இப்போது 60 நாள்தான். போன வருடம் நவம்பர் 1 முதல் 120 நாளை 60 ஆக்கிவிட்டார்கள். டிசம்பர் 24க்கான முன்பதிவு அக்டோபர் 25 அன்றே திறந்துவிட்டது. ஆகவே இப்போது கையில் இருப்பது காத்திருப்புப் பட்டியலும் தட்கலும்தான். தட்கல் முந்தின நாள் காலை, ஏசி வகுப்புக்கு 10 மணி, மற்றதற்கு 11 மணி. ஜூலை முதல் ஆன்லைனில் தட்கல் எடுக்க ஆதார் சரிபார்த்த கணக்கு வேண்டும். அதைக் கடைசி நாளில் செய்யப் பார்க்காதீர்கள். நம் வயதுக்காரர்களுக்கு இருந்த கட்டணச் சலுகை 2020 மார்ச்சில் போனது இன்னும் திரும்பவில்லை. ஆனால் 60 நிறைந்த ஆண்களுக்கும் 45 நிறைந்த பெண்களுக்கும் கீழ் பெர்த் ஒதுக்கீடு இருக்கிறது. மகனோ மகளோ டிக்கெட் போடும்போது அந்த ஒதுக்கீட்டைக் கேட்க மறந்துவிடுகிறார்கள். நீங்கள் நினைவூட்டுங்கள்.

பணம். பண்டிகைச் செலவு வரும் என்று ஜனவரியிலேயே தெரியும். ஆனால் டிசம்பரில்தான் தேடுகிறோம். ஜனவரியில் 12 மாதத் தொடர் வைப்பு ஒன்று தொடங்குங்கள். மாதம் 1,000 ரூபாய் போட்டால் அசல் மட்டும் 12,000, வட்டி தனி. அடுத்த கிறிஸ்துமஸுக்கோ அடுத்த வைகுண்ட ஏகாதசிக்கோ அது கையில் இருக்கும். கிரெடிட் கார்டில் தேய்த்து, மாதத் தவணையாக மாற்றி ஊர் சுற்றுவது, நான்கு நாள் சுகத்துக்கு ஒரு வருடம் வாடகை கொடுப்பது மாதிரி.

இன்னொரு எச்சரிக்கை. "கிறிஸ்துமஸ் சிறப்புத் தள்ளுபடி, பாதிப் பணம் அனுப்பினால் அறை உறுதி" என்று வாட்ஸ்அப்பில் படங்கள் வரும். விடுதியின் தொலைபேசி எண்ணை நீங்களே தேடிக் கண்டுபிடித்துப் பேசாமல் ஒரு ரூபாய் அனுப்பாதீர்கள். பணம் போய்விட்டது என்று தெரிந்தால் உடனே 1930 என்ற எண்ணுக்குச் சொல்லுங்கள், எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ அவ்வளவு நல்லது. வீட்டைப் பூட்டிக்கொண்டு போகிறவர்கள் ஜீயபுரம் காவல் நிலையத்திலும் பக்கத்து வீட்டிலும் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போங்கள்.

தூரம் போக முடியாதவர்களுக்கு ஒரு நாள் திட்டம் இரண்டு. ஒன்று, திருச்சிக்குள்ளேயே: தெப்பக்குளம் பக்கம் ஸ்வார்ட்ஸ் கட்டிய கிறிஸ்து ஆலயம், லூர்து மாதா ஆலயம், பிறகு ஹீபர் கல்லறை உள்ள செயின்ட் ஜான் ஆலயம், பாலக்கரை சகாய மாதா ஆலயம். மாலையில் குடில்களின் விளக்கு ஏற்றிய பிறகு குழந்தைகளுக்கு நன்றாக இருக்கும். இரண்டாவது, தஞ்சாவூர்: சிவகங்கைத் தோட்டத்தில் ஸ்வார்ட்ஸ் ஆலயம் இருக்கிறது. ஸ்வார்ட்ஸின் நினைவாக சரபோஜி மன்னர் லண்டன் சிற்பி ஃபிளாக்ஸ்மேனிடம் சொல்லிச் செய்வித்த பளிங்குச் சிற்பத்தை அங்கே பார்க்கலாம். பெரிய கோயில் பக்கத்திலேயே. வரும் வழியில் நேரம் இருந்தால் பூண்டி மாதா கோயிலுக்கும் போகலாம். வீரமாமுனிவர் மேல் ஆசை உள்ளவர்கள் கொள்ளிடத்துக்கு அந்தப் பக்கம் ஏலாக்குறிச்சிக்குப் போய் வாருங்கள். 3,615 பாட்டில் தேம்பாவணி எழுதியவர் அந்த ஊர் மாதாவுக்கு ஒரு கலம்பகமும் பாடியிருக்கிறார்.

கடைசியாக, வீட்டுக்குள் பேச வேண்டிய ஒன்று. 1980களின் கடைசி வரை வங்கிகளுக்கு ஆண்டுக் கணக்கு முடிவது டிசம்பர் 31. கிறிஸ்துமஸ் அன்று ஒரு நாள் விடுமுறை, மறுநாளிலிருந்து இரவு வரை லெட்ஜரும் வட்டிக் கணக்கும்தான். அந்தக் காலத்தில் கிறிஸ்துமஸ் வாரம் வீட்டில் இருப்பது என்பதே எங்களுக்குக் கிடையாது. பிறகு ஆண்டு முடிவு மார்ச்சுக்கு மாறியது. வாரம் எங்கள் கைக்கு வந்தது. இப்போது பிள்ளைகளுக்கு லீவு கிடைப்பதில்லை. யாருக்கு எந்த வயதில் அந்த வாரம் கிடைக்கிறது என்பது நம் கையில் இல்லை. கிடைக்கிற நான்கு நாளை எப்படிப் பிரிப்பது என்பது மட்டும் நம் கையில்.

அந்த நான்கு நாளில் இரண்டு நாள் சாலையிலும் ஒரு நாள் ஷாப்பிங்கிலும் போய்விட்டால் மிச்சம் ஒரு நாள். ஆகவே பிள்ளைகள் வருவதற்கு முன்பே போனில் பேசி ஒரு தாளில் எழுதுங்கள். எந்த நாள், எங்கே, யார் யார், எவ்வளவு செலவு என்று நான்கே பத்தி. முதல் வரியை வீட்டிலேயே வயது மூத்தவரைக் கேட்டு எழுதுங்கள். பல வீடுகளில் அவர் கேட்பது வெளியூர்ப் பயணமாக இருக்காது. பேரக்குழந்தையோடு அடுப்படியில் உட்கார்ந்து அச்சு முறுக்கு சுடுவது, முக்கொம்பில் ஒரு மாலை, அவ்வளவுதான். எங்கள் வீட்டில் இந்தப் பேச்சு முடிந்துவிட்டது: 24 முதல் 28 வரை பிள்ளைகள் இங்கே, பொங்கல் கழித்து நாங்கள் அங்கே.

கீத பவனியில் பாட விரும்புகிறவர்கள் டிசம்பர் 7க்குள் செயலாளரிடம் பெயர் கொடுங்கள். எந்த மதம், என்ன குரல் என்ற கேள்வி இல்லை. பயிற்சி 13, 14 தேதிகளில் மாலை ஆறு மணிக்கு, எங்கள் வீட்டு மாடியில். சுக்குக் காபி உண்டு. தீர்மானத்தை இப்போது கூட்டத்தின் முன் வைக்கும்படி தலைவரைக் கேட்டுக்கொண்டு அமர்கிறேன்.

அனைவருக்கும் மார்கழி வாழ்த்துகளும் கிறிஸ்துமஸ் வாழ்த்துகளும்.